பிராக்கிதெரபி: ‘குறுங்காலச் சிகிச்சை’ அன்று

கதிரியக்கப் பொருளைப் புற்றுக்கட்டியை ஒட்டி வைத்துச் செய்யும் கதிர்ச் சிகிச்சையான ‘பிராக்கிதெரபி’ என்பதைக் ‘குறுங்காலச் சிகிச்சை’ என்று பெயர்க்கும் வழக்கம் ஓய்வதாக இல்லை. ‘பிராக்கிஸ்’ என்ற கிரேக்கச் சொல் குறுமையைச் சுட்டும். ஆனால் அக்குறுமை காலத்துக்கு உரியதன்று. கதிர் வெளிப்படும் பொருளுக்கும் கட்டிக்கும் இடையிலுள்ள தொலைவுக்கு உரியது. சுவீடனின் கதிரியல் மருத்துவர் யோஸ்டா ஃபோர்செல் 1931இல் முன்மொழிந்த இச்சொல், தொலைவிலிருந்து கதிர் பாய்ச்சும் முறைக்கு எதிரிணையாக நிலைபெற்றது.

காலக் கணக்கு பொருந்தாது என்பதற்கு அக்கால மருத்துவமனைகளே சான்று. பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் மருத்துவர் குளோடியுஸ் ரெகோ வகுத்த முறைப்படி, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் என்னும் கதிரியக்கத் தனிமம் அடைத்த குழாய்களை உள்ளே பொருத்தி ஏறத்தாழ ஐந்து நாள்கள் எடுக்காமலே வைத்திருந்தனர். 1910இல் தொடங்கிய ஸ்டாக்ஹோமின் ரேடியம்ஹெம்மட் என்னும் புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு நாள் அளவுக்கு வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் வைத்தனர். ஐந்து நாள் அசையாமல் படுத்திருந்தவரிடம் இதைக் குறுங்காலம் என்று சொல்லிப் பார்க்கட்டும்! இன்று வெளியிலிருந்து பாய்ச்சும் கதிரோ ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரின் தருக்கப்படி அதற்கல்லவா அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும்? தொலைவு இரட்டித்தால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், கட்டியை ஒட்டி வைத்தால் கட்டிக்கு மிகுதியும் சுற்றுத் திசுக்களுக்குக் குறைவும் சேரும். சிகிச்சையின் அடிப்படையே இந்த நெருக்கம்தான்.

‘உள் கதிர்ச் சிகிச்சை’ என்பார் ஓரளவு நெருங்குகின்றனர். ஆயினும் 1901இல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் ஆன்ரி டான்லோஸ், பியர் கியூரியிடம் பெற்ற ரேடியத்தை லூப்பஸ் என்னும் தோல்நோய்க்கு மேற்பரப்பில்தான் வைத்தார். உள்ளே எதுவும் செல்லவில்லை. தைராய்டு புற்றுநோய்க்கு விழுங்கும் கதிரியக்க அயோடினும் ‘உள்’ என்பதில் அடங்கிவிடும் என்பதால் குழப்பம் மிகுகிறது.

லத்தீன் ‘ரேடியஸ்’, அதாவது கதிர், என்பதிலிருந்து 1898இல் பிறந்த ‘ரேடியம்’ தனிமத்தின் பெயராதலால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். (வண்டியில் ஒட்டும் ‘ரேடியம் ஸ்டிக்கரில்’ ரேடியம் துளியும் இல்லை என்பது வேறு கதை.) மக்கள் எல்லாக் கதிர்ச் சிகிச்சையையும் ‘கரண்டு வைப்பது’ என்கிறார்கள், மின்சாரம் பாய்ச்சுவார்களோ என்று அஞ்சுவோரும் உண்டு. அவர்களிடம் குறை காண்பதற்கில்லை, தெளிவான சொல்லை நாம் கொடுக்கவில்லை. இலக்கணத்தில் அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்ற இணை நமக்குப் பழகியதே. எனவே ஒட்டி வைப்பதை ‘அண்மைக்கதிர்ச் சிகிச்சை’ என்றும், வெளியிலிருந்து பாய்ச்சுவதைச் ‘சேய்மைக்கதிர்ச் சிகிச்சை’ என்றும் வழங்கலாம்.