கர்லிங் கல் ஏன் ‘தப்பான’ பக்கம் வளைகிறது?

2025 ஏப்ரலில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், மூஸ் ஜா என்ற ஊரில் ஆண்களுக்கான உலக கர்லிங் சாம்பியன்ஷிப் நடந்தது. இறுதி ஆட்டத்தில் புரூஸ் மோவட் தலைமையிலான ஸ்காட்லாந்து அணி சுவிட்சர்லாந்தை 5-4 என்று வென்றது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இந்த ஆட்டம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒருவர் கனமான கல்லை நிதானமாகத் தள்ளிவிடுகிறார். இரண்டு பேர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் பனித்தரையை மூச்சிரைக்கத் தேய்க்கிறார்கள். கல் சுழன்றபடியே நகர்ந்து, ஒரு பக்கமாக வளைந்து, வட்டத்துக்குள் போய் நிற்கிறது.

அந்த வளைவு ஏன் வருகிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஒரு கண்ணாடி டம்ளரை மேசைமேல் கவிழ்த்து, இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுழற்றிவிட்டு முன்னால் தள்ளிப் பாருங்கள். அது வலப்பக்கம் விலகும். காரணம் எளிது. உராய்வு டம்ளரைத் தடுக்கும்போது அது லேசாக முன்னால் சாய்கிறது. முன்விளிம்பு மேசையில் அதிகமாக அழுந்துகிறது. இடப்பக்கச் சுழற்சியில் முன்விளிம்பு இடது நோக்கி நகர்வதால், அங்கே எழும் உராய்வு வலது நோக்கித் தள்ளுகிறது. கர்லிங் கல்லுக்கும் இதேதான் நடக்க வேண்டும். ஆனால் இடப்பக்கம் சுழலும் கல் இடப்பக்கமே வளைகிறது. அதுவும் ஒரு மீட்டருக்கு மேல்! இன்னொரு புதிரும் உண்டு. கல் வழியில் இரண்டு முறை சுழன்றாலும் பத்து முறை சுழன்றாலும் வளைவில் பெரிய மாற்றம் இருப்பதில்லை.

முதலில் கல்லையும் தரையையும் பார்த்துவிடலாம். கல் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். உலகப் போட்டிகளுக்கான கற்களில் பனியைத் தொடும் பகுதி, ஸ்காட்லாந்தின் கடலோரம் இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்ற சின்னத் தீவின் கருங்கல்லில் செய்யப்படுகிறது. அந்தக் கல் நீரை உறிஞ்சாது என்பதுதான் அதன் பெருமை. உள்ளே நீர் போனால் உறையும், உறைந்தால் கல் வெடிக்கும். அடிப்பாகம் குழிந்திருப்பதால் கல் முழுவதும் பனியில் படுவதில்லை. சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே படுகிறது.

தரையும் வழவழப்பானது அல்ல. உறைந்த தளத்தின் மேல் நீர்த்துளிகளைப் பூவாளி மாதிரி தெளிப்பார்கள். துளிகள் அப்படியே உறைந்து சிறு பொட்டுகளாக நிற்கும். அவற்றின் தலையை ஒரு பிளேடால் சீவியதும் தரை தயார். அந்தப் பொட்டுகளின் மேல்தான் கல்லின் வளையம் ஓடுகிறது. பொட்டுகள் இல்லாவிட்டால் கல் வட்டத்தை எட்டுவதற்கு வெகு முன்பே நின்றுவிடும்.

சரி, வளைவுக்கு வருவோம். கல்லின் முன்பகுதி பனியைச் சற்றுச் சூடாக்கி வழுக்கலாக்குகிறது, அதனால் பின்பகுதியில் உராய்வு அதிகமாகி டம்ளரின் கணக்கு தலைகீழாகிறது என்று சிலர் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை வைத்துக் கணக்குப் போட்டால், சுழற்சி கூடக்கூட வளைவும் கூட வேண்டும். நிஜத்தில் கூடுவதில்லை.

2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறொரு விளக்கம் தந்தார்கள். வளையத்தின் சொரசொரப்பு பனிப்பொட்டுகளில் நுண்ணிய கீறல்களை இடுகிறது. கல் சுழல்வதால் முன்பகுதி இடும் கீறல்கள் சற்றுச் சாய்வாக விழுகின்றன. பின்னால் வரும் பகுதி அவற்றைக் கடக்கும்போது கீறலின் திசையில் இழுக்கப்படுகிறது. இதற்குச் சாதகமாக ஒரு விஷயம்: போட்டிக்கு முன் கல்லின் வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் கல் நன்றாக வளையும் என்பது இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

2022இல் ஜப்பானின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிரோ முராட்டா, கல்லின் ஓட்டத்தைப் படமெடுத்து மிகத் துல்லியமாக அளந்தார். அவர் கவனித்தது முன்பின் வித்தியாசத்தை அல்ல, இடவல வித்தியாசத்தை. இடப்பக்கம் சுழலும் கல்லின் இடது ஓரம் பனிமேல் மெதுவாகவும் வலது ஓரம் வேகமாகவும் போகும். மெதுவாகப் போகும் ஓரம் பனியில் அங்கங்கே பிடிபட, கல் அந்தப் புள்ளியைச் சுற்றி இடப்பக்கம் திரும்புகிறது என்கிறார். வியப்பு என்னவென்றால், இடவல உராய்வு வித்தியாசம் என்ற யோசனையை 1924லேயே ஹாரிங்டன் என்பவர் முன்வைத்திருந்தார், அதுவும் இதே சஸ்காட்செவனில்.

எனக்கென்னவோ இரண்டு விளக்கங்களிலும் உண்மை இருக்கும் என்றே படுகிறது. கீறலும் பிடிமானமும் ஒரே சொரசொரப்பிலிருந்து வருபவைதானே.

பிரஷ்ஷின் வேலையில் இவ்வளவு குழப்பம் இல்லை. தேய்த்தால் பனி லேசாகச் சூடாகிறது, உராய்வு குறைகிறது, கல் சில மீட்டர் கூடுதலாகப் போகிறது, வளைவும் தள்ளிப்போகிறது. கல் வேகம் குறைந்த பிறகுதான் அதிகம் வளையும் என்பதால், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் முக்கியம். அதற்குத்தான் அணித் தலைவர் மறுமுனையிலிருந்து அப்படிக் கத்துகிறார்.

2015 வாக்கில் இதிலும் ஒரு சர்ச்சை வந்தது. புதுவகைத் துணி பொருத்திய பிரஷ்களால் ஒரே திசையில் தேய்த்தால், கல்லை விரும்பிய பக்கம் ஓட்டிவிட முடிந்தது. தள்ளியவரின் திறமைக்கு என்ன மதிப்பு என்று வீரர்களே கொதித்தார்கள். 2016இல் கனடாவின் கெம்ப்ட்வில்லில் விஞ்ஞானிகளையும் வீரர்களையும் கூட்டி அந்த பிரஷ்களைச் சோதித்தார்கள். அதன்பின் அங்கீகரிக்கப்பட்ட ஒரே வகைத் துணியைத்தான் எல்லா அணிகளும் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது.