ஏற்காட்டில் பீன்ஸை எத்தனை நிமிடம் கொதிக்க வைப்பது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சார், எங்கள் தோட்டத்தில் இந்த முறை பீன்ஸும் சவ்சவ்வும் கொட்டிக் கிடக்கிறது. விலைக்குப் போட்டால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் காய்கறியைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார். நானும் பெரிய குண்டானில் தண்ணீர் ஊற்றி, பாட்டில்களை முக்கிக் கொதிக்க வைக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 17 மணி நேரம் வருகிறது.

கேலி செய்யவில்லை. இதே வேலையைச் சேலத்தில் என் வீட்டில் செய்தால் 7 மணி நேரம் போதும். மலைமேல் ஏன் பத்து மணி நேரம் கூடுகிறது என்பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

உணவு ஏன் கெடுகிறது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். நுண்ணுயிர்கள். சூடாக்கிக் கொன்றுவிட்டு, புதிதாக எதுவும் உள்ளே போகாமல் மூடிவிட்டால் கெடாது. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் இதைச் செய்து காட்டி 1810-ல் அரசிடம் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. லூயி பாஸ்டர் வந்து காரணம் சொல்ல இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. மூடுகிற வேலையும் சுலபம்தான். சூட்டில் உள்ளிருக்கும் காற்று வெளியேறும், ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை அழுத்தி 'டக்' என்று உட்கார வைக்கும்.

சிக்கல் கொல்லுகிற வேலையில் இருக்கிறது. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா, மண்ணில் வாழ்வது. தோட்டத்துக் காயோடு ஒட்டிக்கொண்டு அடுப்படி வரை வந்துவிடும். நாம் தினமும் கொஞ்சம் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் அதனால் வளர முடியாது. வளர ஒரு இடம் கிடைத்தால்தான் நஞ்சை உண்டாக்கும். நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போக வேண்டிய சமிக்ஞையை அந்த நஞ்சு தடுத்துவிடும். முதலில் கண் இமை தொங்கும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். முகச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொள்கிறார்களே, போடாக்ஸ், அது இதே நஞ்சின் துளியிலும் துளி.

உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் பொட்டுலினத்தைக் கொதிநீர் சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஆனால் நிலைமை மோசமானால் அது தன்னை ஸ்போராக, அதாவது விதை மாதிரித் தூங்கிக் கிடக்கும் வடிவமாகச் சுருக்கிக்கொள்ளும். இந்த ஸ்போர்தான் வில்லன்.

பச்சரிசியை வெறும் வாணலியில் வறுத்துப் பாருங்கள். சிவக்கும், பொரியும், மணக்கும். வேகாது. வேக வேண்டுமானால் அரிசிக்குள் தண்ணீர் போயாக வேண்டும். கிருமியின் உடம்பில் இருக்கும் புரதங்களும் அப்படித்தான். தண்ணீர் சூழ்ந்திருந்தால் கொஞ்சச் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்து குலைந்துவிடும், காய்ந்திருந்தால் தாக்குப்பிடிக்கும். ஸ்போர் செய்கிற தந்திரம் இதுதான். தன் நடுக்கருவிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கால்சியத்தையும் டைபிகோலினிக் அமிலம் என்ற பொருளையும் அடைத்துக்கொள்கிறது. டிஎன்ஏ-வின் மேல் குட்டிக் குட்டிப் புரதங்களைப் போர்த்திவிடுகிறது. அதற்கு வெளியே கெட்டியான உறைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கொதிக்கிற உலையில் கிடந்தும் வேகாத அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கொதிக்க வைப்பதால் பாட்டிலில் இருந்த ஆக்சிஜன் போய்விடுகிறது. போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளெல்லாம் செத்துவிடுகின்றன. தூங்கிக்கொண்டிருந்த ஸ்போர்களில் பலவற்றை அந்தச் சூடே தட்டி எழுப்பியும் விடுகிறது. காலி வீடு, காற்று கிடையாது, நிறையச் சாப்பாடு. வெள்ளையடித்துக் குடிவைத்த மாதிரி.

சரி, ஸ்போரை எப்படித்தான் கொல்வது? இங்கேதான் கணக்கு வருகிறது. ஸ்போர்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் சாவதில்லை. 121 டிகிரி செல்சியஸில் சுமார் 12, 13 விநாடிக்கு ஒருமுறை பத்தில் ஒன்பது பங்கு சாகும். ஆயிரம் இருந்தால் நூறாகும். இன்னொரு 13 விநாடியில் பத்து. அப்புறம் ஒன்று. அடுத்த 13 விநாடியில்? கணக்கு 0.1 என்கிறது. பத்தில் ஒரு பங்கு ஸ்போர் என்று ஒன்று கிடையாதே! இதே போலப் பத்து பாட்டில் போட்டிருந்தால் அதில் ஒன்றில் ஒரு முழு ஸ்போர் உயிரோடு உட்கார்ந்திருக்கும் என்று அர்த்தம். எண்ணிக்கை எங்கேயோ நிகழ்தகவாக மாறிவிட்டது, கோட்டைத் தாண்டியது நமக்குத் தெரியவே இல்லை. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட அன்று அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஸ்போர்கள் பூஜ்ஜியத்துக்கு ஒருநாளும் வராது. ஸ்போர் தப்பிய பாட்டில்தான் அரிதாகிக்கொண்டே போகும்.

எவ்வளவு அரிதானால் போதும்? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் அளவு 12 படி. பத்தில் ஒன்றாகக் குறைக்கும் வேலையை 12 முறை செய்ய வேண்டும். அதாவது ஒரு லட்சம் கோடி ஸ்போர்களில் ஒன்று பிழைக்கலாம். 121 டிகிரியில் இதற்கு ஆகும் நேரம் இரண்டரை நிமிடம். பாட்டிலின் நட்டநடுவில் அந்தச் சூடு வந்த பிறகு இரண்டரை நிமிடம், அதை மறக்கக் கூடாது.

சூடு குறைந்தால்? ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் நேரம் பத்து மடங்கு. 111 டிகிரியில் 25 நிமிடம், 101 டிகிரியில் 250 நிமிடம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர். இங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும், அதனால் கிட்டத்தட்ட 7 மணி நேரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்.

மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் வாங்கியிருந்தால் கவனித்திருப்பீர்கள். அடிவாரத்தில் தொளதொளவென்று இருந்தது, இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போவதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது. தண்ணீருக்கும் அதே சௌகரியம்தான். மேலே அழுத்துகிற காற்று குறைவு என்பதால் சீக்கிரமே கொதித்து ஆவியாகிவிடும். ஒருமுறை ஆய்வகத் தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், ஏரிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டு அடுப்படியில் வைத்துப் பார்த்தேன். தளதளவென்று கொதிக்கிறது, பாதரசம் 95-ஐத் தாண்டவில்லை. நண்பரின் அம்மா, "தண்ணி கொதிக்குதான்னு பாக்கறதுக்கா கீழேருந்து வந்தே?" என்று கேட்டார். கேஸை முழுதாகத் திறந்துவிட்டும் 95 தான். கூடுதல் நெருப்பெல்லாம் ஆவியாகத்தான் போகும், சூட்டை ஏற்றாது. அந்த நான்கு டிகிரி வித்தியாசம்தான் 7 மணி நேரத்தை 17 ஆக்கியது. ஏற்காட்டில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் ஐந்தில் ஒரு ஸ்போர் தப்பித்துவிடும்.

"அப்படியென்றால் குக்கரில் வைக்கிறேன்" என்று அடுத்த கடிதம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். சரியான திசைதான். குக்கர் தன் அழுத்தத்தை வெளிக்காற்றின் மேல் கூட்டித் தருகிறது. கடல் மட்டத்தில் 121 டிகிரி தரும் 15 பவுண்டு அழுத்தம், ஏற்காட்டில் 118 தான் தரும். மூன்று டிகிரிதானே என்று நினைக்கலாம், நேரம் இரண்டு மடங்காகிவிடும். அதனால்தான் அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைகளில் உயரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துவதும் நாலு பெரிய பாட்டிலாவது நிற்கிற கனமான பாத்திரம். முதலில் பத்து நிமிடம் ஆவியை விட்டு உள்ளிருக்கும் காற்றை முழுதாக விரட்டுவார்கள். காற்று கலந்த ஆவி, அதே அழுத்தத்தில் குறைந்த சூடுதான் தரும். மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். நம் விசில் குக்கர் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும், விசிலுக்கு விசில் அழுத்தம் ஏறி இறங்கும். சாம்பார் வைக்க அருமை, இதற்கு ஆகாது.

நியாயமாக உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். நம் பாட்டி எந்த 121 டிகிரியைப் பார்த்தார்? மாங்காயை அடுப்பிலேயே ஏற்றாமல் ஜாடியில் போட்டார், இரண்டு வருஷம் கெடாமல் இருந்தது. காரணம் புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பிஎச், புளிப்பு கூடினால் அது குறையும். அந்த அளவு 4.6-க்குக் கீழே போனால் பொட்டுலினம் ஸ்போர் முளைத்து வளர முடியாது. சாகவில்லை, உள்ளேயே கிடக்கிறது, எழுந்திருக்க வழியில்லை. கூடவே பாட்டி அள்ளிக் கொட்டிய உப்பு, கிருமிக்குக் கிடைக்க வேண்டிய தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வத்தல், வடகமும் இந்தத் தண்ணீர் கணக்கில்தான் தப்பிக்கின்றன.

பாட்டி சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டுவிடுங்கள். "ஈரக் கரண்டி போடாதே" என்றது சத்தியமான அறிவியல். ஈரம் பட்ட இடத்தில் உப்பு நீர்த்துப் பூஞ்சை பிடிக்கும், சில பூஞ்சைகள் அமிலத்தையே தின்று அந்த இடத்தின் புளிப்பைக் குறைத்துவிடும். "வீட்டுக்குத் தூரமானவர்கள் ஜாடியைத் தொடக் கூடாது" என்றதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு ஆதாரமும் கிடையாது. கிருமிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. படித்த வீடுகளிலும் இதை இன்னும் கேட்கிறேன், எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. மேலே நிற்கும் எண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும், கூடவே காற்றையும் தடுக்கும். புளியோ எலுமிச்சையோ இல்லாமல் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைத்தால் பொட்டுலினத்துக்கு அது சொர்க்கம். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் இப்படி எண்ணெயில் கிடந்த பூண்டால் 36 பேர் படுத்தார்கள்.

பீன்ஸின் பிஎச் 5-க்கு மேல். தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கும், அதனால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் சேர்க்கச் சொல்வார்கள். ஏற்காட்டு ஆரஞ்சு நல்ல புளிப்பு, பயமில்லை. பழுத்த பப்பாளி, பலா, வாழை எல்லாம் நாக்குக்குப் பழம்தான், பொட்டுலினத்துக்குப் பீன்ஸ் மாதிரிதான். மல்கோவா நன்றாகக் கனிந்துவிட்டால் அதன் புளிப்பையும் நம்ப முடியாது. பாட்டிலில் அடைக்க வேண்டுமானால் சற்றுக் காயாக இருக்கும்போதே அடைக்க வேண்டும், அதற்கு மல்கோவாவைப் பலிகொடுக்க எனக்கு மனசு வராது.

அமெரிக்கர்கள் ஒவ்வொரு காய்க்கும் தனி அட்டவணை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பாட்டிலின் நடுவில் வெப்ப உணரியைச் செருகி, சூடு அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். நீர்த்த ரசத்தில் சூடு சுற்றிச் சுழன்று சீக்கிரம் போய்விடும். கெட்டியான பூசணி மசியலில் நகரவே நகராது. அப்படியானால் பருப்பு சாம்பாருக்கு? வத்தக் குழம்புக்கு? கடையில் விற்கும் சாப்பிடத் தயார் பாக்கெட்டுகளுக்குத் தொழிற்சாலையில் இதை அளந்துதான் செய்கிறார்கள். வீட்டு அடுப்புக்கு அளந்து தர வேண்டியது பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி. ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாலு வெப்ப உணரி, ஒரு அழுத்தக்கலன், ஒரு மாணவருக்கு இரண்டு வருஷ உதவித்தொகை, இவ்வளவு போதும். கோடை விழாவுக்குப் போடும் பந்தல் செலவில் ஒரு மூலை என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இப்போது உங்கள் பீன்ஸுக்கு வருகிறேன். புளிப்பை நாம் கொடுத்துவிடலாம். 5 சதவீத வினிகரும் தண்ணீரும் சம அளவு எடுத்து, உப்புப் போட்டுக் கொதிக்க வையுங்கள். நம் கடைகளில் 4 சதவீத வினிகரும் கிடைக்கும், அதற்கு இந்த அளவு செல்லாது, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பீன்ஸைப் பாட்டில் உயரத்துக்கு நறுக்கி நெருக்கமாக நிறுத்துங்கள். இரண்டு பல் பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய், உங்கள் தோட்டத்து மிளகு கொஞ்சம். கொதிக்கும் கரைசலை ஊற்றி, வாயில் அரை அங்குலம் இடம் விட்டு, ரப்பர் தேயாத புது மூடி போட்டு, மூடிக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி உங்கள் குண்டானில் முக்குங்கள். அரை லிட்டர் பாட்டில் என்றால் சேலத்தில் 5 நிமிடம். நீங்கள் ஏற்காடு, அதனால் 10.

சவ்சவ்வை அடைக்கவே வேண்டாம். நிழலாக, காற்றோட்டமான இடத்தில் பரப்பிவைத்தால் சில வாரம் தாங்கும். அதற்குள் கூட்டு வைத்தே தீர்த்துவிடலாம்.