பக்கவாதம்: சுவாசக் குழாயை எடுக்க ஏற்ற நேரம் எது?

நிமோனியாவால் வென்டிலேட்டரில் இருப்பவர் வாயிலும், பக்கவாதத்தால் வென்டிலேட்டரில் இருப்பவர் வாயிலும் இருப்பது ஒரே வகைக் குழாய்தான். ஆனால் அதைப் போட்ட காரணம் வேறு. முதலாமவருக்கு நுரையீரல் பழுது. இரண்டாமவருக்குப் பெரும்பாலும் நுரையீரல் நன்றாகவே இருக்கும். நினைவு மங்கி, நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கிறது, எச்சில் நுரையீரலுக்குள் இறங்குகிறது என்பதால் குழாய் போடுகிறார்கள். எனவே இவர் தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்த்தால் மட்டும் போதாது. தன் எச்சிலையும் சளியையும் தானே சமாளிப்பாரா என்பதே இங்கே முதன்மையான கேள்வி.

வழக்கமான சோதனையில் வென்டிலேட்டரின் உதவியை மிகக் குறைத்துவிட்டு 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை நோயாளியைத் தானாக மூச்சு விட வைக்கிறார்கள். கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்குள் இருந்தாலே உடலுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்; இரத்த அழுத்தம் நிலையாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவால் (லிட்டரில்) வகுப்பார்கள். 25 மூச்சு, 0.4 லிட்டர் என்றால் விடை 62.5, நல்லது. 35 மூச்சு, 0.25 லிட்டர் என்றால் 140. மேலோட்டமாக, வேகமாக மூச்சு வாங்குகிறார், தாங்கமாட்டார். 1991 முதல் 105 என்பதே எல்லைக்கோடாக இருந்துவருகிறது.

பக்கவாத நோயாளிகள் பலர் இதில் எளிதாகத் தேறிவிடுவார்கள். தேறியும் குழாயை எடுத்த பிறகு திணறுவார்கள். காரணம் சோதனையிலேயே இருக்கிறது: சோதனை நடக்கும்போது குழாய் உள்ளேதான் இருக்கிறது. தொண்டையைத் திறந்து வைத்திருப்பதும் அதுதான். அதன் கீழ்முனையில் உள்ள காற்றுப்பை எச்சில் பெருமளவு இறங்காமல் தடுக்கிறது. சளியைச் செவிலியர் உறிஞ்சி எடுக்கிறார். எது பழுதுபட்டதோ அதை இந்தச் சோதனை தொடுவதே இல்லை.

அதனால் தொண்டையைத் தனியே சோதிக்க வேண்டும். முதலில் இருமல். குழாயின் வாய்க்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, மூன்று நான்கு முறை இருமச் சொல்வார்கள். அட்டையில் ஈரம் தெறித்தால் இருமலுக்கு வலு இருக்கிறது. காய்ந்தே இருந்தால் எச்சரிக்கை. கருவியால் அளந்தால், இருமலின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 60 லிட்டருக்குக் குறைவது நல்ல அறிகுறி அல்ல. அடுத்து சளியின் அளவு. மணிக்கு ஒருமுறையோ அதைவிட அடிக்கடியோ உறிஞ்ச வேண்டியிருந்தால் பொறுப்பதே மேல். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் துணியலாம். மூன்றாவது விழுங்குதல். நாம் ஒரு நாளில் அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சிலை நினைக்காமலேயே விழுங்குகிறோம். நோயாளியின் தொண்டைமணி தானாக மேலேறி இறங்குகிறதா, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருக்கிறதா என்று படுக்கையருகே சில நிமிடம் நின்று பார்த்தாலே நிறையத் தெரியும். இதற்கு மிஷின் தேவையில்லை, பொறுமைதான் தேவை.

நினைவு நிலையைப் பற்றி ஒரு பழைய விதி உண்டு: கிளாஸ்கோ அளவுகோலில் (கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை தரும் மதிப்பெண்) 8-க்கு மேல் வந்தால்தான் குழாயை எடுக்கலாம் என்பது. பக்கவாதத்தில் இதை அப்படியே பிடித்துக்கொள்வது தவறு. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவருக்கு மொழியே புரியாமல் போயிருக்கலாம். "கையைத் தூக்குங்க" என்றால் அசையமாட்டார். நாம் நாக்கை நீட்டிக் காட்டினால் அவரும் நீட்டுவார். மதிப்பெண் குறைவு, ஆனால் தொண்டை பத்திரம். மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தவர் இதற்கு நேர்மாறு. முழு விழிப்போடு கண்ணால் நம்மைப் பின்தொடர்வார், ஒரு சொட்டு எச்சிலைக்கூட விழுங்க முடியாது.

அதற்காகக் காத்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. மூளை பாதிப்புள்ள 136 பேரைக் கவனித்து 2000-இல் வெளியான ஆய்வில், மற்றபடி தயாராக இருந்தும் குழாயை எடுக்கத் தாமதித்தவர்களுக்கு நிமோனியா அதிகம் வந்தது, மருத்துவமனை வாசமும் நீண்டது.

நாள் கணக்கும் முக்கியம். பெரிய பக்கவாதத்தில் மூளை வீக்கம் பெரும்பாலும் 2 முதல் 5 நாளுக்குள் உச்சத்தை எட்டும். முதல் நாள் தெளிவாக இருந்தவர் மூன்றாம் நாள் மங்கலாம். மூச்சு குறைந்து இரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால் மூளை இரத்தக்குழாய்கள் விரிந்து, மண்டைக்குள் அழுத்தம் கூடும். இன்னொன்று மயக்க மருந்து. மிடசோலம் பல நாள் ஓடியிருந்தால், நிறுத்திய பிறகும் உடலில் தங்கும், சிறுநீரகம் கெட்டிருந்தால் இன்னும் நீளும். அந்த மந்தத்தைப் பக்கவாதத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

குரல்வளை வீங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். காற்றுப்பையைத் தளர்த்தியதும் குழாயைச் சுற்றிக் கசியும் காற்று ஒரு மூச்சுக்கு சுமார் 110 மி.லி.க்குக் குறைந்தால் வீக்கத்தைச் சந்தேகித்து, சில மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம்.

எடுக்கும் வேலை சில நொடிதான். மூக்குக் குழாய் வழி உணவை முன்பே நிறுத்தி, நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, வாயிலும் காற்றுப்பைக்கு மேலும் தேங்கியதை உறிஞ்சிவிட வேண்டும். இந்த உறிஞ்சுதலை அவசரத்தில் விட்டால், காற்றுப்பை சுருங்கிய கணமே தேங்கிய எச்சில் முழுவதும் நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு மூச்சை இழுத்து முடிக்கும் தருணத்தில் குழாயை உருவி, உடனே இருமச் சொல்வார்கள். மறுபடி குழாய் போடத் தேவையானவை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த 48 முதல் 72 மணி நேரம் கண்காணிப்பு. உடனே வரும் கீச்சொலி குரல்வளை வீக்கத்தைக் காட்டும். மறுநாள் கேட்கும் கரகரப்பு, மெல்ல மெல்லப் புரையேறுவதை. விழுங்கும் சோதனை முடியாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. சளியைத் துப்ப முடியாமல் திணறுபவருக்கு இறுக்கமான முகமூடி வழி அழுத்தக் காற்று கொடுப்பது தீர்வாகாது. சளி உள்ளேயே தங்கும். அவருக்கு மறுபடி குழாய்தான்.

தொண்டை திரும்பவே நாளாகும் என்று தெரிந்தால் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் வைக்கும் ட்ரக்கியாஸ்டமி செய்வார்கள். முதல் 5 நாளுக்குள் செய்வதா, 10 நாள் பொறுப்பதா என்று கடும் பக்கவாத நோயாளிகள் 382 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. ஆறு மாதத்துக்குப் பின் பார்த்தபோது முந்திச் செய்ததால் பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே இதில் குடும்பத்தார் பதற வேண்டியதில்லை, குழாயை எடுத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு தருவதற்கு நேரம் இருக்கிறது. ட்ரக்கியாஸ்டமி ஆனாலும் அது நிரந்தரம் என்று அர்த்தமில்லை. மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டு, தொண்டையில் எச்சில் தேங்குகிறதா, தானாக விழுங்குகிறாரா, குரல்வளையைத் தொட்டால் இருமுகிறாரா என்ற மூன்றையும் பார்த்து, அந்தக் குழாயையும் பலருக்கு எடுத்துவிட முடிகிறது.