சொல் விளக்கம்: டேங்கிங்

விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி தென்படும் இந்தச் சொல்லுக்கு ‘வேண்டுமென்றே தோற்பது’ என்று ஒற்றை வரியில் பொருள் எழுதிவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பேஸ்பாலைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. மீதிப் பாதி விளையாடுபவர்கள் மீது விழும் அநியாயப் பழி. களத்தில் நிற்கும் வீரர் யாரும் அங்கே தோற்பதற்காக ஆடுவதில்லை. அடுத்த ஆண்டு தனக்கு வேலை இருக்குமா என்பதே தெரியாத இளைஞர், வேண்டுமென்று பந்தைக் கோட்டைவிட மாட்டார். தோல்வியைத் திட்டமிடுவது மேல்மாடி அலுவலகம். அனுபவமும் சம்பளமும் கூடிய வீரர்களை விற்றுவிட்டு, மலிவான, பக்குவப்படாத வீரர்களை மட்டும் வைத்து ஓர் அணியைக் கட்டி, ‘நன்றாக ஆடுங்கள்’ என்று களத்துக்கு அனுப்புவதற்குப் பெயர்தான் டேங்கிங்.

முதலில் இதன் பக்கத்து வீட்டுச் சொல்லைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஆட்டம் சமமாக நின்றால் கூடுதல் இன்னிங்ஸ் ஆடி முடிவு கண்டுவிடுவார்கள். ஆகவே ஏறத்தாழ எல்லா ஆட்டமும் வெற்றி அல்லது தோல்விதான். 162இல் பாதி 81. அதற்குக் குறைவாக வென்றால் அது ‘லூசிங் சீசன்’. இதற்குத் தோல்விப் பருவம் என்று தமிழில் தயங்காமல் எழுதலாம். நல்ல அணிகூட ஆண்டுக்கு அறுபது எழுபது ஆட்டங்களில் தோற்கும் விளையாட்டு இது என்பதால், தோல்விப் பருவம் என்பது அப்படியொன்றும் மானக்கேடு அல்ல. நூறு தோல்வியைத் தொட்டால்தான் ஊர் சிரிக்கும்.

தோல்விப் பருவமெல்லாம் டேங்கிங் ஆகிவிடாது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது பருவங்கள் பாதியைத் தாண்டவில்லை. வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளில் இதைவிட நீண்ட தொடர் தோல்வி எந்த அணிக்கும் இல்லை. 2012இல் 79 வெற்றி வரை வந்து, கடைசியில் சறுக்கினார்கள். இருபது ஆண்டுகள் ஒருவர் திட்டம் போட்டுத் தோற்க முடியாது. அது பணக்குறைவும் தவறான தேர்வுகளும் சேர்ந்து விளைவித்த வெறும் தோல்வி. தோல்விப் பருவம் ஒரு கணக்கு. டேங்கிங் ஒரு நோக்கம்.

இனி சொல்லின் பிறப்பு. ‘டேங்க்’ என்பது நம் பக்கத்துத் தண்ணீரில் நனைந்து வளர்ந்த சொல். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தொட்டியைக் குறிக்கும் இதே ஒலியுடைய சொற்கள் உண்டு. போர்த்துகீசியத்தில் ‘தாங்க்கெ’ என்றால் குளம். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது இரண்டும் கலந்துவிட்டன என்பதே பெரும்பாலான அகராதியியலாளர்களின் முடிவு. நம் ஊர் ஏரி, குளம், கண்மாய், ஊருணி எல்லாவற்றையும் அவர்கள் வேறுபாடு பாராமல் ‘டேங்க்’ என்றே எழுதிவைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று ஒரு சாலைப்பெயர் இன்றும் இருப்பதற்கும், தியாகராய நகர் எழுவதற்காகத் தூர்க்கப்பட்ட ஏரி ‘லாங் டேங்க்’ என்று பதிவாகியிருப்பதற்கும் அதுவே காரணம்.

இங்கே ஓர் ஆசையை அடக்க வேண்டியிருக்கிறது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பெயர்களில் வரும் ‘தாங்கல்’ சிறிய ஏரியைக் குறிக்கும் தமிழ்ச்சொல். ஆகவே ‘டேங்க்’ தமிழிலிருந்து போனது என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது. தாங்கலிலிருந்து டேங்க்குக்குப் போன வழியைக் காட்டும் ஆவணம் கிடைத்தால் அன்றைக்குக் கொண்டாடிக்கொள்ளலாம்.

குளம் எப்படித் தோல்வி ஆனது? அமெரிக்கப் பேச்சுவழக்கில் நீச்சல்குளத்துக்கும் டேங்க் என்ற பெயர் இருந்தது. குத்துச்சண்டையில் பணம் வாங்கிக்கொண்டு, அடிபடாமலே மல்லாந்து விழும் வீரரை ‘குதித்துவிட்டார்’ என்று கேலி செய்தார்கள். குளத்தில் பாய்வதுபோல் விழுந்தார் என்று பொருள். குதித்தவர் எங்கே போவார்? குளத்துக்குள். ‘டேங்க்குக்குள் போய்விட்டார்’ என்ற வழக்கு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குத்துச்சண்டை வட்டாரத்தில் இப்படித்தான் உருவானது. பிறகு அது வினைச்சொல்லாகச் சுருங்கி டென்னிஸுக்குப் போனது. மனம் விட்டுப்போன ஆட்டக்காரர் மூன்றாவது செட்டைக் கடமைக்கு ஆடி முடித்தால் டேங்க் செய்தார் என்றார்கள். அங்கிருந்து கூடைப்பந்து, பேஸ்பால். போர்க்கள டாங்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் அதுவும் தண்ணீர்த்தொட்டியிலிருந்து வந்ததே: முதல் உலகப் போரில் ரகசியம் காக்க, தயாராகும் இயந்திரங்களைத் தண்ணீர்த்தொட்டி என்று பிரிட்டிஷார் சொல்லிவைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குத்துச்சண்டையிலும் டென்னிஸிலும் தோற்பவரே குற்றவாளி. அணி விளையாட்டுக்கு வந்தபோது சொல் அப்படியே இருந்தது, குற்றவாளி மாறிவிட்டார். குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

நிர்வாகம் ஏன் தோற்க விரும்ப வேண்டும்? 1965 முதல் மேஜர் லீக்கில் டிராஃப்ட் என்ற முறை இருக்கிறது. பள்ளி, கல்லூரிகளிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். 2022 வரை, கடைசியாக நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. நலிந்தவரைத் தூக்கிவிட வந்த நல்ல விதிதான். ஆனால் எழுபது ஆட்டம் வெல்லும் நடுத்தர அணிக்கு அது எதுவும் தராது. கோப்பையும் இல்லை, முதல் வரிசையில் இடமும் இல்லை. அதைவிட ஐம்பதோடு நிறுத்திக்கொண்டால் சம்பளச் செலவு குறையும், வரிசையில் முன்னே போகலாம். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடம் என்றால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவில் அந்தப் பயமும் இல்லை.

இதைக் கொள்கையாகவே நடத்திக் காட்டியது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 2011இல் 106 தோல்வி. அந்த ஆண்டின் இறுதியில் ஜிம் கிரேன் அணியை வாங்கி, ஜெஃப் லூனோவைப் பொது மேலாளராக அமர்த்தினார். 2012இல் 107 தோல்வி, 2013இல் 111. அந்த 2013 பருவத்தின் கடைசி 15 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று முடித்தார்கள். அந்த செப்டம்பரில் ஓர் ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பார்வையாளர் அளவீடு ஹூஸ்டன் நகரிலேயே 0.0 என்று வந்தது. சொந்த ஊரில், அளவீட்டுக்கு அகப்படும் அளவுக்குக்கூட ஆளில்லை. நான்காண்டுகள் கழித்து, 2017இல், அதே அணி மேஜர் லீக்கின் இறுதிக் கோப்பைப் போட்டியான உலகத் தொடரை வென்றது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கணக்கை விரித்தால் வேறு படம் தெரிகிறது. தோற்றுச் சம்பாதித்த முதல் இடங்களில் 2012இல் எடுத்த கார்லோஸ் கொரேயா பொன். அந்த இடத்துக்கு லீக் ஒதுக்கிய தொகையைவிடக் குறைவாக அவருடன் ஒப்பந்தம் முடித்து, மிச்சப் பணத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸையும் பிடித்தது கெட்டிக்காரத்தனம். ஆனால் 2013இல் முதலாவதாக எடுத்த மார்க் அப்பெல் ஆஸ்ட்ரோஸுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 2014இல் முதலாவதாக எடுத்த பிரேடி எய்க்கனின் முழங்கையில் சிக்கல் என்று தகராறு எழுந்து ஒப்பந்தமே ஆகவில்லை. அதற்கு ஈடாக 2015இல் கிடைத்த இடத்தில் அலெக்ஸ் பிரெக்மன் வந்தது அதிர்ஷ்டம். அணியின் உயிராக இருந்த ஹோசே அல்துவேயை வெனிசுவேலாவிலிருந்து 2007இலேயே சொற்பத் தொகைக்கு எடுத்திருந்தார்கள். உலகத் தொடரின் சிறந்த வீரரான ஜார்ஜ் ஸ்பிரிங்கர், முதல் நூறு தோல்விப் பருவம் முடிவதற்கு முன்பே, 2011 டிராஃப்ட்டில் பதினோராவது இடத்தில் வந்தவர். போதாக்குறைக்கு, 2017இல் எதிரணிப் பந்துவீச்சாளருக்குக் காட்டப்படும் ரகசியச் சைகைகளை கேமரா வைத்துத் திருடியது 2020இல் லீக் விசாரணையில் உறுதியாகி, லூனோ வேலையை இழந்தார். டேங்கிங்கின் வெற்றிச் சான்றாக இந்த அணியைக் காட்டுபவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

டிராஃப்ட்டுக்கு வெகுகாலம் முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1899இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணியின் முதலாளிகளான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கினார்கள். சை யங் உட்பட நல்ல வீரர்களை எல்லாம் அங்கே அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களைக் கிளீவ்லாந்துக்கு விட்டுவைத்தார்கள். விளைவு: 20 வெற்றி, 134 தோல்வி. அடுத்த ஆண்டு அந்த அணியே இல்லை. அந்தக் காலத்தில் இதற்கு டேங்கிங் என்று பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

நிர்வாகங்கள் இந்தச் சொல்லை வாயால் சொல்லாது. அவர்களுடைய சொல் ‘ரீபில்டிங்’, மறுகட்டமைப்பு. மண் தேறட்டும் என்று உழவர் நிலத்தைத் தரிசாகப் போடுவதில்லையா என்பது அவர்கள் வாதம். உழவர் தரிசு நிலத்துக்கு நுழைவுச்சீட்டு விற்பதில்லை.

வீரர்கள் சங்கம் இதை நெடுநாளாக எதிர்த்தது. 2022இல் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தில் டிராஃப்ட்டின் முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வந்தது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கான வாய்ப்பு சமம், தலா 16.5 விழுக்காடு. முதல் குலுக்கலிலேயே, 2022இல் 107 தோல்வி கண்ட வாஷிங்டனைத் தாண்டி 100 தோல்வி கண்ட பிட்ஸ்பர்க்குக்கு முதல் இடம் விழுந்தது. அதில் அவர்கள் பிடித்தவர் பால் ஸ்கீன்ஸ். தொடர்ந்து குலுக்கலில் பங்கேற்கவும் வரம்பு வைத்தார்கள். 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41 வெற்றி, 121 தோல்வி என்று 20ஆம் நூற்றாண்டு முதலான வரலாற்றிலேயே அதிகத் தோல்வி கண்ட அணியானது. 1962இல் நியூயார்க் மெட்ஸ் கண்ட 120 தோல்விதான் அதுவரை சாதனை. அவ்வளவு தோற்றும் அந்த வரம்பினால் ஒயிட் சாக்ஸுக்கு 2025 டிராஃப்ட்டில் கிடைத்தது பத்தாவது இடம்.

அதே ஒயிட் சாக்ஸ் நமக்கு இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறது. 1919 உலகத் தொடரில் அந்த அணி வீரர்கள் சிலர் சூதாடிகளிடம் பணம் வாங்கித் தோற்றதாக வழக்கானது. எட்டு வீரர்களுக்கு வாழ்நாள் தடை. அது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் சூதாட்டம் என்றும் இலங்கைத் தமிழ் ஏடுகள் ஆட்டநிர்ணயம் என்றும் எழுதுவது. லஞ்சம், ஏமாற்று, தண்டனை எல்லாம் அதில் உண்டு. டேங்கிங்கில் சட்டமீறல் ஏதுமில்லை, பகிரங்கமாக நடக்கிறது. ஆகவே அந்த இரண்டு சொற்களும் இங்கே உதவாது.

‘விட்டுக்கொடுத்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பேத்தியிடம் தாத்தா தாயக்கட்டையில் தோற்பது விட்டுக்கொடுத்தல்; அதில் அன்பு இருக்கிறது. ‘திட்டத் தோல்வி’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ அரசுத் திட்டம் படுத்துவிட்டது என்றே படிப்பவருக்குப் படும். ‘திட்டமிட்ட தோல்வி’ தெளிவானது, செய்திக்குப் போதும். தலைப்புக்கு நீளம், வினையாக மாற்றவும் வராது.

என் தேர்வு ‘வேண்டுதோல்வி’. வேண்டுகோள் என்பதைப் போல வினைத்தொகை. வேண்டிய, வேண்டுகின்ற, வேண்டும் தோல்வி என மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது, வேண்டுத்தோல்வி என்று எழுதக்கூடாது. வினையாக வரும்போது ‘வேண்டித் தோற்றல்’. அங்கே ஒற்று மிகும். வேண்டுபவர் யார் என்ற கேள்வியைச் சொல்லே எழுப்புவதால், எழுவாயாக நிர்வாகத்தை வைக்க எழுதுபவருக்கு நினைவு வரும். ‘ஆஸ்ட்ரோஸ் வீரர்கள் வேண்டித் தோற்றார்கள்’ என்பது பிழை. ‘ஆஸ்ட்ரோஸ் நிர்வாகம் 2013இல் வேண்டுதோல்வியை நாடியது’ என்பது சரி. 2025இல் 119 ஆட்டங்கள் தோற்ற கொலராடோ ராக்கீஸைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம். அவர்கள் வெல்லத்தான் பார்த்தார்கள்; முடியவில்லை.