குழல்வாய் வேகம்

ரைபிள் தோட்டாப் பெட்டியில் ‘மசில் வெலாசிட்டி’ என்று அச்சிட்டிருப்பதே குழல்வாய் வேகம். குண்டு குழலை விட்டு வெளியேறும் கணத்தில் அதற்குள்ள வேகம் அது.

மசில் என்பது விலங்கின் மூஞ்சியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நாய்க்கு மாட்டும் வாய்ப்பூட்டுக்கும் அங்கே அதே பெயர்தான். தமிழில் பானைக்கும் பீரங்கிக்கும் இருப்பது வாய் என்பதால் ‘குழல்வாய்’ இயல்பாகப் பொருந்துகிறது. ‘முகவாய்’ என்று எழுதினால் படிப்பவர் மோவாயைத்தான் நினைப்பார், அது வேண்டாம். வெலாசிட்டி தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசைவேகம், இலங்கைப் பாடநூல்களில் வேகம். ஸ்பீடு என்பது இங்கே வேகம், அங்கே கதி. பெட்டியில் உள்ள எண்ணுக்குத் திசை கிடையாது, அளவு மட்டுமே. அதனால் ‘வேகம்’ என்ற ஒரே சொல் இரு கரையிலும் செல்லும். பறந்து போவது தோட்டா அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். உறை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்ததே தோட்டா. பறப்பது குண்டு மட்டும். ஈழ வழக்கில் சன்னம்.

பெயரில் வாய் இருந்தாலும் வாயிலேயே யாரும் அளப்பதில்லை. அமெரிக்கத் தோட்டாத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ‘சாமி’ (SAAMI) அமைப்பின் முறைப்படி, 15 அடி தள்ளி அளக்கிறார்கள். 168 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) எடையுள்ள .308 அங்குலக் குண்டு அந்த இடைவெளியிலேயே விநாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் இழந்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் எம்193 தோட்டாவுக்கு 78 அடி தொலைவில் விநாடிக்கு 3165 அடி என்பது ஏற்பு அளவு. எம்16ஏ1 துப்பாக்கியின் குழல்வாயில் அதே தோட்டாவுக்கு 3250 அடி. இரண்டும் சரியான எண்களே. அளந்த இடம்தான் வேறு.

இதைவிடப் பெரிய கேள்வி, அது எந்தக் குழலின் வாய் என்பது. .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்குச் சோதனைக் குழல் 24 அங்குலம். அதன் மருந்தறையும் (தோட்டா உட்காரும் இடம்) உள்விட்டமும் அனுமதித்த அளவுகளில் மிகச் சிறியதை ஒட்டிக் கடையப்பட்டவை. இறுக்கமான அறையில் அழுத்தம் ஏறும், வேகமும் ஏறும். கடையில் வாங்கும் ரைபிளின் அறை சற்றுத் தளர்வானது. நிறையச் சுட்ட குழலிலோ குண்டைச் சுழலவைக்கும் புரிகள் தொடங்கும் இடம் அரித்துப் போயிருக்கும். குழல் குறுகினால் வாயு குண்டைத் தள்ளும் தூரமும் குறைகிறது. .308இல் ஓர் அங்குலத்துக்கு விநாடிக்கு 20 முதல் 25 அடி வரை போகும். பெட்டியில் 2650 அடி என்றிருக்கும் 168 கிரெய்ன் தோட்டாவை 20 அங்குலக் குழலில் சுட்டால் 2550 அடியை ஒட்டி வந்தால் வியப்பில்லை. பெட்டி எண்ணை நம்பிக் குறிக்கணக்குப் போட்டால் 600 மீட்டரில் குண்டு ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்து படும்.

வெயிலும் குளிரும் அடுத்து. சாதாரண வெடிமருந்தில் ஒரு பாகை செல்சியசுக்கு விநாடிக்குச் சுமார் அரை மீட்டர் ஏறி இறங்கும். சுட்டுச் சூடேறிய அறையில் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாலும் மருந்து சூடாகிவிடும், அந்த ஒரு குண்டு மட்டும் வேகமாகப் போகும். உறை நிரம்பாத தோட்டாவில் மருந்து முன்பக்கம் சரிந்திருக்கிறதா, பிரைமர் பக்கம் கிடக்கிறதா என்பதும் எண்ணை மாற்றும்.

சில நேரம் குற்றம் அளப்பதில் இருக்கும். 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் குண்டைத் தொங்கும் மரக்கட்டையில் பாய்ச்சி, கட்டை ஆடிய வீச்சிலிருந்து வேகத்தைக் கணித்தார். இன்று குண்டின் வேகத்தை அளக்க ஒளியுணர் குரோனோகிராஃப் என்ற கருவி இருக்கிறது. அதைக் குழல்வாய்க்கு மிக அருகில் வைத்தால் வெடிப்பலையும் எரியாத மருந்துத் துகளுமே உணரியைத் தூண்டிவிடும். 10 முதல் 15 அடி தள்ளி வையுங்கள். குண்டின் பாதைக்கு நேராக, சாயாமல் நிற்க வேண்டும். குழல்விளக்கு வெளிச்சத்தில் அளக்காதீர்கள், அதன் துடிப்பு கருவியைக் குழப்பும். மூன்று குண்டின் சராசரி எதையும் சொல்லாது; குறைந்தது 10 சுடுங்கள், அன்றைய வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். கிடைத்த எண் பெட்டி எண்ணோடு பொருந்தவில்லை என்று உடனே தோட்டாவைக் குறை சொல்லவும் முடியாது: சாமி தரமே விநாடிக்கு 90 அடி கூடவோ குறையவோ இடம் தருகிறது.