தேன்பெட்டிக்குக் கட்டை வாங்கும்போது ஸ்கேலையும் எடுத்துப் போங்கள்

தேவிபட்டினத்தில் என் பட்டறையில் கதவு, ஜன்னல்தான் பிழைப்பு. சில வருடங்களாகத் தேன்பெட்டிக்கு மேல்கட்டையும் அறுத்துக் கொடுக்கிறேன். நியூட்டன் பெட்டி என்ற வகைத் தேன்பெட்டி என்றால் தேனடையைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் இருக்கும். மேல்கட்டைப் பெட்டியில் அது கிடையாது. ஒட்டி ஒட்டி அடுக்கிய கட்டைகளே கூரை. கட்டைக்கு ஒன்றாகத் தேனீ தானே அடை கட்டித் தொங்கவிடும். வெறும் ரீப்பர் துண்டுதானே என்று தோன்றும்.

போன வருடம் சாயல்குடிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். "அண்ணே, ஒரு கட்டையைத் தூக்கினா கூடவே ரெண்டு கட்டை சேர்ந்து வருது" என்றார். எங்கோ சொல்லிவிட்டு வரவழைத்த கட்டைகள். இழைப்பு கண்ணாடி மாதிரி இருந்தது, குறை சொல்ல முடியாது. ஸ்கேலை வைத்தேன்: அகலம் 35 மி.மீ.

அது இத்தாலியத் தேனீக்கான அளவு. நம் பொந்துகளில் இருக்கும் அடுக்குத் தேனீ சின்னது. ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு 30 முதல் 32 மி.மீ. விட்டுத்தான் கட்டும். 32 என்றே வைத்துக்கொண்டாலும் கட்டைக்கு 3 மி.மீ. அதிகம். முதல் அடை கட்டையின் நடுவில் சரியாகத் தொங்கும். ஆறாவது அடை 15 மி.மீ. தள்ளிப்போய், இரண்டு கட்டை சேரும் சந்துக்கே வந்துவிடும். தூக்கினால் அடை கிழியும், புழு சிந்தும், தேன் ஒழுகும், எறும்பு வரும். தம்பி தேனீக்குப் புத்தி இல்லை என்று கோபப்பட்டார். அது தன் அளவில் சரியாகத்தான் கட்டியிருந்தது.

அடுத்தவர் கட்டையைச் சொல்கிறேனே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கார்த்திகை மழையில் வாங்கிய வாகைப் பலகையை அவசரமாக 32-க்கு அறுத்து, 24 கட்டை கமுதிக்கு அனுப்பினேன். பங்குனியில் போன் வந்தது: "ஆசாரி, கடைசிக் கட்டை பக்கத்துல விரல் போற சந்து கிடக்கு." கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் சுருங்கியிருக்கிறது. 24 கட்டைக்கு 24 மி.மீ. கடற்காற்றில் ஈரம் குடித்த மரம், கமுதி வெயிலில் காய்ந்தால் வேறென்ன செய்யும்? அந்தச் சந்து வழியாக மெழுகு அந்துப்பூச்சி நுழைந்து, அடை முழுக்க நூலாம்படையாகிவிட்டது. புதுக் கட்டை இலவசமாகக் கொடுத்தேன். போன தேனீக் குடும்பம் போனதுதான்.

இப்போது 36-க்கு அறுத்து, இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்கி, இரண்டு மூன்று மாதம் ஆறவிட்டுத்தான் 32-க்கு இழைக்கிறேன். அடிப்பக்கம் நடுவில் முக்கோண வரம்பு. அதன் முனையில் தேன்மெழுகு தேய்ப்பேன். அடை அந்தக் கோட்டைப் பிடித்து இறங்கும். ஆணி அடிப்பதே இல்லை. இந்த உப்புக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தையும் பிளந்துவிடும். மரம் பூவரசு, வாகை, இல்லாவிட்டால் பழைய தேக்கு ஜன்னல். சீமைக்கருவேலத்தின் பூவில் தேனீ மொய்க்கிறது. அறுப்பதற்கு நேர்த்தண்டுதான் கிடைப்பதில்லை.

வாங்குகிறவர்கள் ஒரு கட்டையை மட்டும் அளக்காதீர்கள். பத்தைச் சேர்த்து நெருக்கி வைத்து அளந்தால் 320 வர வேண்டும். 315 வந்தால் திருப்பிக் கொடுங்கள், என்னிடம் வாங்கியதாக இருந்தாலும் சரி. முடிந்தால் உங்கள் பக்கத்துப் பொந்தில் ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு அளந்துகொண்டு வாருங்கள். அது 31 என்றால் 31-க்கே இழைத்துத் தருகிறேன்.

அப்புறம், மலிவாகக் கிடைக்கிறது என்று பேக்கிங் பலகையில் செய்த கட்டை வருகிறது. வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வந்த பலகையில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உள்வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றியது, பயமில்லை. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. பூச்சியைக் கொல்லப் போட்ட புகை அது. தேனீயும் பூச்சிதானே. படகு உடைத்த பலகையையும் சிலர் கொண்டுவந்து கேட்கிறார்கள். அதில் ஊறிய பெயின்ட்டை இழைத்தெடுக்க முடியாது. அதை அறுக்க மாட்டேன் என்று சொன்னதில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.