நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்?

என் மேசைக்கு நோயாளிகள் வருவதில்லை. அவர்களுடைய கேஸ் ஷீட்டுகள்தான் வருகின்றன. நீலகிரியில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறேன். மருத்துவர் எழுதிய நோய்ப்பெயருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் உள்ள குறியீட்டைப் போடுவது என் வேலை.

ஒரு ஜனவரியில், உறைபனி கடுமையாக விழுந்துகொண்டிருந்த நாட்களில், ஒரே பெரியவரின் கேஸ் ஷீட் இரண்டு வாரத்துக்குள் இரண்டாம் முறை வந்தது. இரண்டு முறையும் நிமோனியா, ஜே 18.9. இரண்டிலும் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் லயன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரி. முதல் டிஸ்சார்ஜ் தாளின் அடியில் இப்படி எழுதியிருந்தது: ‘இருவேளை வெந்நீரில் ஆவி பிடிக்கவும். பனியில் வெளியே போக வேண்டாம்.’ எழுதிய பயிற்சி மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். வீடும் அடுப்பும் உள்ளவருக்குச் சரியான அறிவுரைதான்.

ஐபி எண்ணில் (உள்நோயாளி எண்ணில்) ஒரு குழப்பம் இருந்ததால் வார்டுக்கே போனேன். கட்டிலுக்கு அடியில் ஒரு யூரியா சாக்கு. அதற்குள் ஒரு கம்பளி, தகர டம்ளர், போன முறை கொடுத்த மாத்திரை உறை. மாத்திரைகளில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. “உங்கள் வீடு எங்கே ஐயா?” என்றேன். டிவிஷன் பெயர், லயன் எண் எல்லாம் பிசகாமல் ஒப்பித்தார். ஊசி போட வந்த சிஸ்டர்தான் வேறு மாதிரி கேட்டார்: “இங்கே சேருவதற்கு முந்தின நாள் ராத்திரி எங்கே படுத்தீர்கள் தாத்தா?”

“மார்க்கெட்டில் அம்மா, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில். மூட்டை இருந்தால் காற்று அடிக்காது.”

மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது, “சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்கள். சாப்பிட்டால்தானே?” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஓய்வு பெற்றதும் எஸ்டேட் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்பது மலையில் எல்லோரும் அறிந்த விஷயம். காலி செய்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ‘வீடு’ என்று யார் கேட்டாலும் அவருக்கு அந்த லயன்தான் வீடு.

ஐசிடி-10இன் 21ஆம் அத்தியாயத்தில் இதற்கென்றே ஒரு குறியீடு உண்டு: இசட் 59.0, வீடற்ற நிலை. வீடு இருந்தும் வாழத் தகாததாக இருந்தால் 59.1. தனியாக வாழ்பவருக்கு இசட் 60.2. மூன்றையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. இவை தனி நோய்கள் அல்ல. நிமோனியாவோ தாழ்வெப்பநிலையோ முதன்மையாக இருக்க, துணைக்குறியீடாகப் பக்கத்தில் வர வேண்டியவை.

கண்ணால் பார்த்தும் அதை நானாகப் போட முடியாது. கேஸ் ஷீட்டில் எழுதாத எதையும் குறியீட்டாளர் சேர்க்கக் கூடாது. மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது ‘உடன் யாரும் இல்லை’ என்பது. அதை வைத்து நான் என்ன செய்வது? பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பங்களாக்காரருக்கும் அதே வரிதான். ‘அனாதை’, ‘பிச்சைக்காரர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவை குறியீட்டுக்கும் உதவாது, மனிதருக்கும் மரியாதை இல்லை. ‘நான்கு வருடமாக வீடில்லை, இரவில் மார்க்கெட்டில் படுக்கிறார்’ என்று ஒரு வரி போதும். அன்று மருத்துவரிடம் கேட்டேன். மறுப்பேதும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

அமெரிக்காவில் செவிலியரோ சமூகப் பணியாளரோ எழுதிய குறிப்பை வைத்தே இந்தக் குறியீட்டைப் போடலாம். 2023 அக்டோபர் முதல், அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மருத்துவமனைக்குத் தரும் தொகையைக் கூட்டக்கூடிய, முதன்மை நோயோடு சேர்த்துக் குறிக்கும் துணைநிலைகளில் வீடற்ற நிலையும் ஒன்று. நம் மருத்துவமனையில் இதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒரு பைசா மாறாது. அதனால்தான் யாரும் எழுதுவதில்லை என்பது என் எண்ணம். ஆனால் எழுதாததால் ஆண்டறிக்கையில் இசட் 59.0க்கு நேரே பூஜ்யம் நிற்கிறது. இரவுக் காப்பகம் வேண்டும் என்று நகராட்சியிடம் பேசப் போகிறவர் எதைக் காட்டிப் பேசுவார்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கேட்பார்கள். அட்டை இல்லாதவர் யார் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே தெரிந்தால்தான் அதற்கு யாராவது அலைய முடியும். மனநல நோயாளி என்றால் இன்னும் முக்கியம்: வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும் வீடற்றவருக்கு இலவச சிகிச்சை உண்டு என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

இப்போது எங்கள் சேர்க்கைப் படிவத்தில் முகவரிக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டு, ‘முந்தின இரவு படுத்த இடம்’ என்று எழுதி வைக்கிறோம். கூட்டத்துக்கு நடுவில் உரக்கக் கேட்காமல், கட்டிலுக்கு வந்த பிறகு கேட்கும்படி சிஸ்டர்களிடம் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு, கடைத் திண்ணை என்றெல்லாம் வருகிறது. போன வாரம் ஒரு பாட்டியின் படிவத்தில் ‘மகள் வீடு, மூன்று நாளாக. அதற்கு முன் மருமகள் வீடு, அதற்கு முன் கோயில்’ என்று இருந்தது. அதற்கு எந்தக் குறியீடு என்று நானும் மருத்துவரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.